புகைமூட்டத்துக்குள் இரண்டு தலைகள்

"கடலுக்கு நீ படிச்சது தெரியுமாடி?"

அம்மா இப்படிக் கேட்டபோது நாங்கள் ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தோம். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். ஆளுக்கொரு பக்கமாக முறுக்க, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பொதுக் குழாயும் துவைகற்களும் இருந்தன. ஹோட்டல் விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பதுதான் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேருக்கும் பிழைப்பு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இரண்டு பேரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. வாய்ப்புக் கிடைத்தால் சொல்லாமல் விட்டதும் இல்லை.

"தெரியாட்டி நான் சொல்லிக் குடுத்துக்கிறேம்மா" என்றேன்.

"வாயப் பாரு" என்று விரிப்பை ஒரு சுண்டு சுண்டி என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தீவிலேயே இருந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, அங்கேயே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கடலடியில் பவளங்களை எண்ணுவது என் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, தரையில் ஐம்பது மீட்டர் அளவு நாடாவை விரித்து, அதன் ஓரமாக எத்தனை பவளம் உயிரோடு இருக்கிறது, எத்தனை செத்துவிட்டது என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். பினாங்கைச் சுற்றியிருக்கும் கடல் படங்களில் வரும் நீலக் கடல் இல்லை. சேற்றுக் கடல். கையை நீட்டினால் விரல் நுனி மங்கும். அதற்குள் போய் எண்ணிவிட்டு வருகிறவள் என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது.

அந்தக் காலத்தில் வீட்டுப் பழக்கங்கள் ஒவ்வொன்றையும் உதறிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினேன். விளக்கு வைத்த பிறகு தலை சீவினேன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நான் என் வழியில் போனேன். அம்மா பார்த்துப் பார்த்துத் திட்டினாள். எல்லாவற்றையும் உதறிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் புகைமூட்டம். எங்கோ காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து வாரக்கணக்கில் தீவின் மேல் படுத்துக் கிடந்தது. நகரத்திலேயே உயரமான கொம்தார் கட்டடத்தின் உச்சி தெரியாது. கொடியில் காயும் வெள்ளைத் துணிகளில் சாம்பல் படிகிறது என்று அம்மா ஒரே துணியை இரண்டு முறை துவைத்தாள். எங்கள் வேலை நான்கு வாரம் தள்ளிப்போயிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை கொஞ்சம் வெளுத்ததுபோல் தெரிந்ததும் கிளம்பிவிட்டோம். தப்பு அங்கேயே தொடங்கியது.

பாலிக் புலாவ் பக்கத்து மீனவர் துறையிலிருந்து வாடகைப் படகு. தென்மேற்கே இருக்கும் சிறிய பாறைத் தீவை ஒட்டி நங்கூரம் போட்டோம். ஆறு பேர், இரண்டிரண்டாக மூன்று சோடி. படகோட்டி வயதான மலாய்க்காரர். எல்லாருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. அவருக்கு உதவிக்கு ஒரு தமிழ் அண்ணன், நாற்பது வயதிருக்கும். நங்கூரம் இழுப்பது, இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவது, எங்களை எண்ணுவது எல்லாம் அவர்தான். இயந்திர அறைச் சுவரில் ஒரு கரும்பலகைத் துண்டு மாட்டியிருந்தது. அதில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். நாம் தண்ணீரில் இறங்கினால் நம் எண்ணுக்கு நேராகக் கோடு போடுவார். திரும்பி வந்து ஏணியைப் பிடித்து "வந்துட்டேன்" என்றால் கோட்டை அழித்துவிடுவார். நான் ஐந்து. என் சோடி ஆறு.

ஆறாம் எண் என்னைவிட ஒரு வருடம் இளையவள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் எழுத்தர், அப்பா அரசாங்க அலுவலகத்தில் பெரிய எழுத்தர். பேனா அவர்கள் வீட்டில் மூன்றாம் தலைமுறை. என்னோடு வளாகத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுவாள், மரியாதையாக அக்கா என்பாள். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் எப்போதும் இருந்தது.

மதியத்துக்கு மேல் இரண்டாவது முறை இறங்கி எண்ணி முடித்தோம். மேலே வந்து ஏணியைப் பிடித்தபோது, மற்ற நான்கு பேரும் ஏற்கெனவே ஏறி, முன்பக்கம் கூரைத் துணிக்கு அடியில் சுருண்டு கிடந்தார்கள். இரண்டு பேருக்கு வாந்தி. வெளிச்சம் காலையில் இருந்ததுபோல் இல்லை. பழைய மஞ்சளாக மாறியிருந்தது.

"ஐந்து, ஆறு, வந்துட்டோம்ணே."

"ஏறுங்க தங்கச்சி, சீக்கிரம் லா. பொகை மறுபடி எறங்குது பாருங்க" என்று அண்ணன் கோடுகளை அழித்துவிட்டு, இயந்திர அறை மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார்.

அப்போதுதான் நாடா நினைவுக்கு வந்தது. அளவு நாடாவைச் சுருட்டி நங்கூரக் கயிற்றின் அடியில் வைத்துவிட்டு, பலகையை மட்டும் கொண்டு மேலே வந்துவிட்டேன். ஐந்தாறு மீட்டர் ஆழம்தான். சிலிண்டரில் கால் பங்குக்கு மேல் காற்று இருந்தது. பல்கலைக்கழகத் துறையின் சாமான் தொலைந்தால் விளக்கம் எழுத வேண்டும். ஆறாம் எண்ணைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது விதி.

"அண்ணே, வர்றேன்!" என்று கத்தினேன்.

"ஆ, வா வா!" என்று மூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

இறங்கினோம்.

அடியில் நாடாச் சுருள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து இடுப்பில் மாட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. படகின் இயந்திரம் தலைக்கு மேலேயும் இருந்தது, முதுகுக்குப் பின்னாலும் இருந்தது, என் பற்களுக்குள்ளும் இருந்தது. சும்மா ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கையால் நங்கூரக் கயிற்றைத் தேடினேன். கயிறு இருந்த இடத்தில் சேறு புகைபோல் எழும்பி நின்றது. தரையில் நீளமாக ஒரு கீறல். நங்கூரத்தை இழுத்துப்போன தடம். அதன் ஓரங்கள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மூடிக்கொண்டன.

படகடியில் சுழலும் விசிறி தலையில் பட்டுவிடக் கூடாதென்று, ஒரு கையை மேலே நீட்டியபடி மெதுவாக ஏறினோம். மேலே ஒன்றும் இல்லை. படகு இல்லை. தீவும் இல்லை. வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடுகூட இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே அழுக்கு மஞ்சள் சுவர். அதில் சூரியன் காய்ந்த ரத்தக் கறைபோல ஒட்டியிருந்தது. வெறும் கண்ணால் அதை நேராகப் பார்க்க முடிந்தது. இயந்திரச் சத்தம் ஒருமுறை வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம், பிறகு கேட்கவில்லை.

விசிலை எடுத்து ஊதினேன். படகுக்காரர்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வழியே இல்லை.

"இப்ப திரும்பி வந்துடுவாங்க அக்கா."

"வருவாங்க. அந்த ஆளுக்குக் கண்ணு எங்க இருந்துச்சு? வா வான்னு சொல்லிட்டு வுட்டுட்டுப் போறான். கரையேறுனதும் அவன் வேலையக் காலி பண்ணாம வுட மாட்டேன்."

அந்தக் கோபம்தான் முதல் அரை மணி நேரம் என்னைத் தாங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் கோபத்தோடு எடுத்த முதல் முடிவு தவறாகப் போனது. தீவு கிழக்கே இருநூறு மீட்டருக்குள் இருந்தது எனக்குத் தெரியும். மணிக்கட்டில் திசைகாட்டி இருந்தது. கிழக்கே நீந்தினோம். பத்து நிமிடத்துக்கு மேல் நீந்தியும் பாறையில் அலை மோதும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாங்கள் கிழக்கே பார்த்து நீந்த, நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் எங்கோ கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அப்போது அவளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. முகம் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது.

அவள் தோள் பட்டையைப் பிடித்து இழுத்தேன். எப்படி இழுப்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அவள் காலும் என் காலும் சிக்கிக்கொண்டன. இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம். ஒரு சிலிண்டர் இன்னொரு சிலிண்டரில் மோதி மணியடித்தது. நான்கு உதை உதைப்பதற்குள் என் மூச்சு முடிந்துவிட்டது. இன்னும் இப்படியே பத்து நிமிடம் போனால் இரண்டு பேருமே மிச்சமிருக்க மாட்டோம் என்று புரிந்தது.

"நீந்த வேணாம். நிறுத்து. எதுவும் செய்யாத."

மிதவைச் சட்டைகளில் வாயால் காற்று ஊதினோம். சிலிண்டரில் இருக்கும் கொஞ்சக் காற்று அலை பெரிதானால் தேவைப்படும். அவள் கால் விரல்களை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடித்தேன்; கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் இளகியது. அடுத்து, கீழே இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள்.

"கழட்டிப் போடு."

"அக்கா, டிபார்ட்மென்ட் சாமான்."

"நீயும் டிபார்ட்மென்ட் சாமான்தான். கழட்டு."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு ஈயப் பட்டைகளும் சத்தமில்லாமல் கீழே போயின. உடம்பு ஒரு சாண் மேலே எழும்பியது. அளவு நாடாவைக் கொஞ்சம் அவிழ்த்து என் தோள் பட்டையையும் அவள் தோள் பட்டையையும் சேர்த்துக் கட்டினேன். மிச்சத்தைச் சுருளோடு நடுவில் வைத்துக்கொண்டோம். முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, நேருக்கு நேர் நெருங்கி மிதந்தோம். பினாங்குக் கடல் குளிர்ந்த கடல் இல்லைதான். ஆனாலும் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தால் உள்ளே எங்கோ ஒரு நடுக்கம் பிடிக்கிறது. சட்டையிலேயே ஒன்றுக்குப் போகச் சொன்னேன். சூடு கொஞ்ச நேரம் நிற்கும். "சொல்லாதீங்க, ஏற்கெனவே போயாச்சு" என்றாள். கத்தினால் தொண்டை வறளும், குடிக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் விசில் மட்டும். மூன்று ஊதல், பிறகு நூறு எண்ணும்வரை காது கொடுத்துக் கேட்பது, திரும்பவும் மூன்று.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தட்டும் சத்தம் கேட்டது. டொக். டொக். சிறிது இடைவெளி. டொக்.

புகைக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. கையைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் அதன் அளவு தெரிந்தது. ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கும். சீனர்கள் ஒன்பது நாள் திருவிழா முடிந்ததும் சாமியை வழியனுப்பக் கடலில் விடும் படகு. தீ வைத்துத்தான் விடுவார்கள். இது பாதி எரிந்து அணைந்திருந்தது. மஞ்சள் கொடி ஒன்று மட்டும் கருகாமல் நின்றது. உள்ளே காகிதத்தில் செய்த ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேல் எரிந்துவிட்டது. அதன் மடியில் நான்கைந்து ஆரஞ்சுப் பழங்கள். ஒரு காலி டின் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது.

அது கைக்கெட்டும் தூரத்துக்கு வரவில்லை, விலகியும் போகவில்லை. பதினைந்து அடி தள்ளி நின்றது. கடல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியவில்லை, அது நிற்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அதைக் கொண்டுபோகிற நீரோட்டம்தான் எங்களையும் கொண்டுபோகிறது. நாங்கள் மூன்று பேரும் ஒரே வேகத்தில் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மூன்று பேர் என்றுதான் அப்போது மனத்தில் எண்ணினேன்.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அவள். அந்த யாழ்ப்பாணத் தமிழை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. வளாகத்துக்கு வரும்போது வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள்போல.

"அது வெறும் பேப்பர்."

"தெரியும். பாக்காமல் இருக்க ஏலாமல் கிடக்கு."

சாம்பல் தூறியது. கரியாகிப்போன மெல்லிய துணுக்குகள் தண்ணீரில் விழுந்து கரையாமல் மிதந்தன. ஒரு பெரிய சொறிமீன் எங்களுக்குக் கீழே வெளிறிய முகம்போல விரிந்து, சுருங்கி, விரிந்து, வந்த வழியே இறங்கிப்போனது. காலை மடக்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பிறகு எங்கிருந்தோ பாங்கு ஒலி கேட்டது. பிற்பகல் அஸர் தொழுகை நேரம். அப்படியானால் கரை இருக்கிறது. இடப்பக்கம்! இரண்டு பேரும் திரும்பினோம். பாங்கின் ஓர் இழுப்பு முடிவதற்குள் அதே குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. பிறகு மலையிலிருந்து வருவதுபோல் மேலிருந்து. அவள் நீந்தப் பார்த்தாள். நாடாவைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். குரல் தேய்ந்து நின்ற பிறகு டொக், டொக் மட்டும் மிஞ்சியது.

அடுத்து நடந்ததை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

"என்னக்கா?" என்றாள்.

"என்ன?"

"கூப்பிட்டீங்களே."

"நான் கூப்பிடல."

அவள் முகம் மாறியது. நான் கூப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்கும் கேட்டிருந்தது. பெண் குரல், அக்கறையான குரல், காகிதப் படகு இருந்த பக்கத்திலிருந்து. அவள்தான் முனகுகிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். தெரியாத குரல் ஒருமுறை கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்று எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். நான் உதறிய பழக்கங்களில் அதுவும் ஒன்று. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமலே வாயை இறுக மூடிக்கொண்டோம். விசில் ஊதுவதைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அது முட்டாள்தனம் என்று தெரிந்தும் நிறுத்தினேன். இரண்டு பேர் களைத்துப்போய் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்க முடியுமா என்று பிறகு ஒரு மருத்துவரிடம் விசாரித்தேன். முடியும் என்று சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் செம்மண் நிறமானது. இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் யாரும் வராவிட்டால் இருட்டிவிடும், பிறகு எங்களைப் பக்கத்தில் வந்தாலும் பார்க்க மாட்டார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு கேட்டதற்கும் சொல்லவில்லை. கன்னத்தில் தட்டித் தட்டி, செத்த பவளத்துக்கும் உயிருள்ள பவளத்துக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னேன். பாதி சொல்லி நிறுத்தினாள்.

அப்போது ஓர் இயந்திரச் சத்தம். சிறிய படகு, மீன்பிடிப் படகு. விசிலை மூச்செல்லாம் கூட்டி ஊதினேன். சத்தம் குறைந்தது. புகைக்குள் ஒரு நிழல் உருவாகி மரப்படகாக மாறியது. ஒரே ஒரு ஆள். தலையில் துண்டு கட்டிய மலாய்க்காரர். முதலில் அவர் கண்ணில் பட்டது மஞ்சள் கொடிதான். பிறகு எரிந்த கழுத்தோடு உட்கார்ந்திருக்கும் உருவம். அதற்குப் பக்கத்தில் தண்ணீரில் இரண்டு கறுப்புத் தலைகள், கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி.

"தோலோங்! பாக்சிக், தோலோங்!" காப்பாற்றுங்கள் என்று கையை ஆட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதத் தொடங்கினார். பிறகு கண்ணை எங்களிடமிருந்து எடுக்காமலே சுக்கானைத் திருப்பினார். அந்தச் சாமிப் படகுக்கு மீனவர்கள் யாரும் கிட்டப் போக மாட்டார்கள். அதற்குப் பக்கத்திலிருந்து கூப்பிடும் பெண் குரலுக்கு நின்று பதில் சொல்லவும் மாட்டார்கள். அவர் செய்தது அவர் அறிவுக்குச் சரி. படகின் பின்பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியது.

நான் எத்தனையோ வருடமாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த நாக்கு அந்த நொடியில் பழைய அழுக்கோடு வெளியே வந்தது. எங்கள் பொதுக் குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாளில், வரிசையைத் தாண்டி வாளி வைப்பவளைப் பார்த்துப் பெண்கள் என்ன சொல்வார்களோ அதையெல்லாம் சொன்னேன். அவர் தாயையும் அவர் படகின் தாயையும் இழுத்தேன். தமிழில் தொடங்கி, மலாயில் போய், சந்தையில் கேட்ட ஹொக்கியன் சீனத்தில் முடித்தேன். அந்த வார்த்தைகள் அச்சில் ஏறாது. மூச்சு விடாமல், ஒன்று விடாமல், அம்மா குரலில்.

இயந்திரம் நின்றது.

"ஓராங் கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மனுஷர்களா?

"ஓராங் லா, கண்ணு தெரியலியா ஒனக்கு!"

படகில் ஏற்றிய பிறகு தன் துண்டையும் சட்டையையும் அவளுக்குப் போர்த்திவிட்டு, குவளையில் ஆறிப்போன காப்பி கொடுத்தார். பேய் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசாது, அதனால்தான் நின்றேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் வெட்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் கொடி புகைக்குள் போய்விட்டிருந்தது. டின் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் வந்தது.

"அக்கா" என்றாள் அவள், பல் அடித்துக்கொள்ள. "அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"உங்க வீட்டுக்கு அது வேணாம்."

மீனவர் துறையில் எங்கள் படகு நின்றது. பாதி வழியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்தபோது இரண்டு மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் தேடியிருக்கிறார்கள். உடனே திரும்பி வந்து, நங்கூரம் போட்ட இடத்தையே இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். நாங்கள் அதற்குள் வெகு தூரம் தெற்கே போய்விட்டிருந்தோம்.

அந்த அண்ணன் பலகை மேடையில் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தண்ணீரிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்தார்.

"நீ வர்றேன்னு சொன்னியே தங்கச்சி" என்றார். அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "மூடிக்குள்ள குனிஞ்சிருந்தேன். வர்றேன்னு சத்தம் குடுத்த. ஏறி வர்றேன்னு சொல்றியாக்கும்னு வா வான்னேன். பாக்சிக் செமுவா அடான்னு கேட்டாரு. எல்லாரும் இருக்காங்களான்னு. போர்டு சுத்தமா இருந்துச்சு. அடான்னு சொன்னேன். வர்றேன்னுதானே சொன்ன?"

ஆமாம். அதைத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் வாசல் தாண்டும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் "வர்றேன்". அப்பா துறைமுகத்துக்குப் போகும்போது ஒரு நாள் வாய் தவறிப் "போறேன்" என்றதற்கு அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி அனுப்பினாள். போகிறவர் திரும்பி வராமல் போய்விடுவார் என்று பயம். நகம் வெட்டினேன், தலை சீவினேன், பூனைக்கு வழிவிட்டேன். இந்த ஒரு சொல் என் வாயில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, மறுபடி எறங்குறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் மூடிக்குள்ளிருந்து பாய்ந்து வந்து என் சிலிண்டரைப் பிடித்திருப்பார். கோடு அழித்த பிறகு இறங்கியதும் நான்தான். அவரைத் திட்டிக்கொண்டு மிதந்த அரை மணி நேரம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"என் தப்புண்ணே" என்றேன். சொல்ல நேரமாயிற்று.

வீட்டில் படகு தாமதம் என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கண்ணைப் பார்த்தாள். உப்பு வெடித்த உதட்டையும் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள்.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். கோடு அழித்த பிறகு படகு உதவியாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ஐந்தாம் எண் இறங்கினார் என்று எழுதினேன். உதவியாளர் அண்ணன் மேல் குற்றம் இல்லை என்று தனி வரியாக எழுதினேன். ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேர்மையா எழுதியிருக்க. நல்லது. ஆனா இதுக்குத்தான் சொன்னேன், கேர்ள்ஸ் லேப்ல இருந்து பார்க்கட்டும்னு. கொஞ்ச நாள் மைக்ராஸ்கோப் பாரு லா."

"ஆம்பிள வர்றேன்னு சொல்லியிருந்தா அந்த அண்ணனுக்கு வேற மாதிரி காதுல விழுந்திருக்குமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல."

"அந்த நாள் வாந்தி எடுத்தவங்க ரெண்டு பேரும் ஆம்பிள சார். அவங்க இந்தச் சனிக்கிழமை எறங்குறாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையைக் கோப்புக்குள் வைத்தார். நுண்ணோக்கியில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். பாசியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. அவள் தோள் பட்டையைப் பிடித்து நான் இழுத்த இழுப்பு; நான்கே உதையில் முடிந்துபோன என் மூச்சு. அந்த மீன்காரர் வராமல் போயிருந்தால், அவள் தூங்கிப்போயிருந்தால், நாடாவால் கட்டி வைத்திருந்ததைத் தவிர அவளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருந்திருக்காது. மிதக்கத் தெரிந்தது. காத்திருக்கத் தெரிந்தது. இன்னொரு உடம்பைக் கொண்டுபோகத் தெரியவில்லை.

நகரத்து நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபத்தில் இருப்பவரை மீட்கும் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு பேர், பதினோரு பேர் ஆண்கள். விரிவுரையாளரிடம் அனுமதி கேட்கவில்லை. விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் வகுப்பில் தொண்ணூறு கிலோ சீனர் ஒருவரை மல்லாத்தி, முகத்தைத் தண்ணீருக்கு மேல் நிறுத்தி, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கரையைத் தொட்டதும் அவர் கண்ணைத் திறந்து, "முடியை மட்டும் பிடிக்காதே, இருக்கிறதே கொஞ்சம்" என்றார். மன்னிப்புக் கேட்டு, பிடியைத் தாடைக்கு மாற்றி, அவரை மறுபடி ஆழமான பக்கத்துக்குக் கொண்டுபோனேன்.